கேட்டலும் கேள்வியும்

மிசிசாகாவில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குச் சென்ற மாதம் புதிய அச்சு இயந்திரம் ஒன்று வந்தது. பயிற்சி முடிவில் சுப்பர்வைசர், "ஏதும் கேள்வி உண்டா?" என்றார். எம்மவர் எட்டுப் பேரும் இல்லையென்று தலையாட்டினோம். உண்மையில் பாதிதான் விளங்கியிருந்தது. முன்பு விரிவுரை மண்டபத்தில் நானும் இதையே கேட்பதுண்டு. மாணவர்கள் மௌனமாக இருந்தால் விளங்கிவிட்டது என்றே எண்ணிக்கொள்வேன்.

இந்த மௌனத்தை எமது வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். 1864இல் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடிப் போய்விடுவர், தமிழில் கற்றவர்கள் ஊரோடு தங்குவர் என்பது அவரது கணக்கு. ஆனால் அந்த மாற்றத்தால் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஒவ்வொரு உறுப்புக்கும் நோய்க்கும் "இதற்குத் தமிழில் என்ன சொல்?" என்று கேட்க வேண்டிவந்தது. அக்கேள்விக்கு ஆசிரியரிடமும் ஆயத்தமான விடை இல்லை. அவரிடம் படித்தவர்களே மொழிபெயர்ப்பில் கூடநின்றார்கள். 'இரணவைத்தியம்' 1867இலும், அவர் நாடு திரும்பிய பின் 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. முதலாவதன் பெயரில் எம்மிடம் ஏற்கெனவே புழங்கிய சொற்கள். இரண்டாவதில் ஆங்கிலச் சொல்லே தமிழ் உருக் கொண்டது.

அப்படியாயின் தாய்மொழிக் கல்வி மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நானே சாட்சி. நான் தமிழில்தான் படிப்பித்தேன். அப்போதும் எவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு மொழியோடு அச்சமின்மையும் வேண்டும். கிறீன் தமிழில் தந்த அதே உடற்கூற்றியலை யாழ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் ராஜினி திராணகம. ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்பினரையும் நோக்கி அவர் கேள்வி எழுப்பினார். 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்பவரைத் துரோகி என்றழைக்கும் வழக்கமோ கடல் கடந்து எம்முடனேயே வந்து சேர்ந்தது.

இதற்குப் பண்பாட்டைச் சாட்டித் தப்ப முடியாது. திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் செவியால் கேட்டறிவதைச் சொல்வது உண்மைதான். ஆனால் நன்னூல், வினாவுவதையும் வினாவியதற்கு விடை சொல்வதையும் மாணவனின் கடமைகளாகவே வைக்கிறது. கேள் என்ற ஒரே சொல்லின் இரு பொருள்களில் ஒன்றை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் சுப்பர்வைசரிடம் போனேன். இயந்திரத்தை நிறுத்திய பின் அச்சு ஆற எவ்வளவு நேரமாகும் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இருவருமாகக் கையேட்டைப் புரட்டினோம். அன்று மாலை மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு சந்தேகத்தோடு என்னிடம் வந்தார்கள்.

இங்கு வார இறுதித் தமிழ் வகுப்புகளை நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பிள்ளை எழுந்து "ஏன்?" என்றால், நாம் என்ன சொல்கிறோம்?