அழிக்கச் சொன்ன இசைத்தட்டுகள்

கலைகளின் வரலாற்றை எழுதுவோர் கலைஞரைப் பற்றி எழுதுகின்றனர். கலைப்படைப்பைப் பற்றியும் எழுதுகின்றனர். அப்படைப்பு எவர் செலவில், எவர் ஆதாயத்துக்காக மக்களிடம் வந்து சேர்ந்தது, வந்து சேர்ந்தபின் எவரால் காக்கப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. நமது ஏட்டுச் சுவடிகளைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் ஓரளவு எழுப்பப்பட்டுள்ளன. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தேடி எடுத்திராவிடின் பழந்தமிழ் நூல்களுட் பல கறையானுக்கு இரையாகியிருக்கும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் ஒலியைப் பற்றி, அதிலும் வானொலியில் ஒருமுறை ஒலித்து ஓய்ந்த இசையைப் பற்றி, அத்தகைய வினாக்களை நாம் அதிகம் கேட்டதில்லை.

1970களிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் றொக் இசைக் கச்சேரிகள் பதிவு செய்யப்பட்டு, நூற்றுக்கணக்கான வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒலிபரப்பியதும் அழித்துவிடும்படி கூறி அனுப்பப்பட்ட அப்பதிவுகள் இன்று சேகரிப்போரின் அலமாரிகளில் இருக்கின்றன. எஜமானர் அழிக்கச் சொன்னவற்றை எவர் காத்தனர், காக்கப்பட்டவை பின்னர் எவர் உடைமையாயின என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

றொக் கச்சேரிகளுக்கு வானொலியின் கதவைத் திறந்துவிட்டது அரசாங்க விதி ஒன்றாகும். அமெரிக்காவில் எப்.எம். நிலையங்களை வைத்திருந்த முதலாளிகள் தமது ஏ.எம். நிலையங்களின் நிகழ்ச்சிகளையே அவற்றிலும் ஒலிபரப்பிவந்தனர். ஒரே சரக்கை இரண்டு கடைகளில் விற்கும் வித்தை இது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களில் எப்.எம். நிலையம் தன் நேரத்திற் பாதிக்கு மேல் இவ்வாறு செய்யலாகாதென 1964இல் ஒலிபரப்புத் துறையைக் கட்டுப்படுத்தும் ஆணைக்குழு விதித்தது. நிலைய உரிமையாளரின் எதிர்ப்பாற் பிற்பட்ட இவ்விதி 1967 அளவிலேயே நடைமுறைக்கு வந்தது. நிரப்பவேண்டிய நேரமோ ஏராளம். அதற்கெனப் பணம் செலவிட உரிமையாளருக்கு மனமில்லை. இந்த இடைவெளியில்தான் புதிய தலைமுறையின் இசை நுழைந்தது.

1967 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் டொம் டொனஹ்யூ என்ற அறிவிப்பாளர் மூன்று நிமிடப் பாட்டு என்னும் வரம்பைத் தள்ளிவிட்டு நீண்ட படைப்புகளை முழுமையாக ஒலிக்கச் செய்தார். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த இளைஞரின் வானொலியாக அது மாறிற்று. ஓராண்டு செல்லுமுன் ஊதியத்துக்காகவும் நிகழ்ச்சிகளைத் தாமே வகுக்கும் உரிமைக்காகவும் நிலைய ஊழியர் போராடவேண்டி நேர்ந்தது. 1968 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இசைக்குழுக்கள் அவர்கள் பக்கம் நின்றன. ஆயினும், ஊழியருட் பலர் இறுதியிற் சென்று சேர்ந்தது மெட்ரோமீடியா என்னும் பெருங்கம்பனிக்குச் சொந்தமான நிலையத்தில்தான். கே.எஸ்.ஏ.என். எனப் பெயர் பெற்ற அந்நிலையம் கச்சேரி ஒலிபரப்பிற் புகழடைந்தது. எதிர்ப்புக் குரலையும் விலைபேசி வாங்கும் ஆற்றல் மூலதனத்துக்கு உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஒரு நகரில் வெற்றி கண்ட சரக்கை நாடெங்கும் விற்பது வர்த்தகத்தின் நியதி. 1973 பெப்ரவரி 18ஆம் திகதி ‘கிங் பிஸ்கட் பிளவர் அவர்’ என்னும் வாராந்த நிகழ்ச்சி நியூயோர்க்கின் டி.ஐ.ஆர். நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. முதல் நிகழ்ச்சியில் இடம்பெற்றோருள், முதலாவது இசைத்தட்டு வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்த புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ஒருவர். ஞாயிறு இரவுகளில் ஒலித்த இந்நிகழ்ச்சியை அதன் உச்சகாலத்தில் ஏறத்தாழ 300 நிலையங்கள் ஒலிபரப்பின.

பெயரின் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. ஆர்கன்சோ மாநிலத்தின் ஹெலெனா என்னும் சிற்றூரில் 1941 நவம்பரில் ‘கிங் பிஸ்கட் டைம்’ என்ற புளூஸ் இசை நிகழ்ச்சி தொடங்கியது. கோதுமை மா விற்பதற்கென ஏற்பட்ட அந்நிகழ்ச்சியில் சனி போய் வில்லியம்சனும் றொபேட் லொக்வூட்டும் இசைத்தனர். பருத்தித் தோட்டங்களிற் பாடுபட்ட கறுப்பின உழைப்பாளர் மதிய உணவு வேளையில் அதனைக் கேட்டனர். றொக் இசையின் வேர் அவ்வுழைப்பாளரின் இசையிலேதான் இருக்கிறது. மாவைக் குறிக்கும் சொல்லை அதே ஓசையுடைய மலராக்கிப் புதிய நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டினர். உழைப்பாளரின் பகலுணவு வேளை நகர இளைஞரின் ஞாயிறு இரவாயிற்று. விற்பனை மட்டும் மாறாதிருந்தது.

அவ்விற்பனையின் பொறிமுறை எளிது. நிகழ்ச்சியைப் பெறும் நிலையம் பணம் செலுத்துவதில்லை. அதற்குப் பதிலாகத் தன் நேரத்தைக் கொடுத்தது. நிகழ்ச்சியைத் தயாரித்தவர் அந்நேரத்தை நாடளாவிய விளம்பரதாரருக்கு விற்றனர். ஆகவே, நிலையத்துக்குச் சென்ற நாடாவிலும் தட்டிலும் கச்சேரியோடு விளம்பரமும் பதிந்தே இருந்தது. இம்முறை நமது நாட்டுக்கும் புதிதன்று. 1952இல் இலங்கை வானொலியில் ஆரம்பமான ‘பினாக்கா கீத்மாலா’ பற்பசை விளம்பரத்துக்காகப் பம்பாயில் ஒலிப்பதிவாகி, கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்து இந்தியாவெங்கும் ஒலித்தது. பாட்டு ஒரு நாட்டினது, அலை இன்னொரு நாட்டினது, இலாபம் கம்பனியினது.

அமெரிக்க நிகழ்ச்சிகள் முதலில் ஒலிநாடாச் சுருள்களாகவும், பின்னர் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுகளாகவும், 1980களின் பிற்பகுதியிற் குறுந்தட்டுகளாகவும் அனுப்பப்பட்டன. நிலையத்துக்கு ஒன்று என்ற கணக்கிலே ஆக்கப்பட்டமையால் ஒவ்வொன்றுக்கும் பிரதிகள் சில நூறே இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் எந்த நிமிடத்தில் எப்பாட்டு, எவ்விடத்தில் விளம்பரம் என்று காட்டும் குறிப்புத்தாள் ஒன்று இருக்கும். குறித்த நாளில் ஒலிபரப்பியபின் திருப்பி அனுப்புக அல்லது அழித்துவிடுக என்பதே வழக்கமான நிபந்தனை. பீ.பீ.சீ. வெளிநாட்டு நிலையங்களுக்கென அச்சிட்டு அனுப்பிய தட்டுகளும் இவ்வாறே காலவரையறையுடன் சென்றன.

இக்கட்டளையை எல்லோரும் நிறைவேற்றவில்லை. பழைய தட்டுகளைக் குப்பையில் எறியும்படி பணிக்கப்பட்ட நிலைய ஊழியர் சிலர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். சில நிலையங்களிற் பெட்டிகள் களஞ்சிய அறையின் மூலையிற் கவனிப்பாரின்றிக் கிடந்தன. வேறு சிலர் தம் வீட்டு வானொலிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஒலிபரப்பை நாடாவிற் பிடித்தனர். இன்றைய சேகரிப்புகளின் அடித்தளம் இவர்களே.

இத்தகையோரின் பணியின் பெறுமதியை உணர ஓர் உதாரணம் போதும். பீட்டில்ஸ் குழுவினர் 1962 முதல் 1965 வரை பீ.பீ.சீ.யில் 275 தடவைகளுக்குக் குறையாமற் பாடினர். பாடிய 88 பாடல்களுள் 36 அக்காலத்து அவர்களது இசைத்தட்டுகளில் இடம்பெறாதவை. ஆனால், நாடாவின் விலையை எண்ணிய அந்நிறுவனம் பழைய பதிவுகளை அழித்து அதே நாடாக்களிற் புதியவற்றைப் பதிந்துவந்தது. 1994இல் அவ்வொலிபரப்புகளிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட முற்பட்டபோது வெளிநாடுகளுக்கு அனுப்பிய தட்டுகளும், நேயர் வீட்டில் எடுத்த பதிவுகளுமே பெரிதும் கைகொடுத்தன. உலகப் புகழ்பெற்ற ஒரு நிறுவனம் தன் கையால் அழித்ததைப் பெயரறியாத நேயரிடம் திரும்பப் பெற்றது.

சேகரிப்போரின் பணியை வெறும் பொழுதுபோக்கெனக் கொள்வது தவறு. நிகழ்ச்சியின் அளவுக்காக நீண்ட கச்சேரி வெட்டப்படும். பாடல்களின் வரிசை மாற்றப்படும். இருவேறு இரவுகளின் பதிவுகள் ஒன்றெனக் கோக்கப்படுவதும் உண்டு. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்குந்தோறும் இரைச்சல் மிகும். எப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு ஏறக்குறைய 15,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கடத்துவதில்லை. ஆதலால், வானொலியிலிருந்து பிடித்த பதிவையும் நிலையத்துக்கு வந்த தட்டிலிருந்து எடுத்த பதிவையும் தேர்ந்தவர் பிரித்தறிவர். பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்காணும் சுவடிப் பதிப்பாசிரியரின் முறையே இங்கும் தொழிற்படுகிறது. குறிப்புத்தாளும் விளம்பரமும் இவ்வாய்வுக்கு இன்றியமையாதன. விளம்பரத்தைக் குப்பையென வெட்டியெறிபவர், அவ்விசை எதனை விற்பதற்காகக் காற்றில் ஏறியது என்னும் சான்றையும் சேர்த்தே எறிகிறார்.

மறுபுறத்தையும் நாம் மறைத்தலாகாது. அமெரிக்காவில் இசைப்பதிவுகளுக்குக் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பு 1972 பெப்ரவரி 15 முதல் ஆன பதிவுகளுக்கே முதலிற் கிடைத்தது. அதற்குமுன், 1969 முதலே, கள்ளத் தட்டுகள் கடைகளில் விற்கத் தொடங்கின. வானொலிக் கச்சேரிகள் அவ்வியாபாரத்துக்கு ஏற்ற மூலப்பொருளாயின. எல்ரன் ஜோன் 1970 நவம்பர் 17இல் நியூயோர்க் வானொலிக்கு நேரடியாக இசைத்த நிகழ்ச்சி கள்ளத் தட்டாய்ப் பரவியபின், அடுத்த ஆண்டில் முறையான வெளியீடாக வந்தது. பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் ஒரு சதமும் கொடாது அவர்தம் உழைப்பை விற்பவன் மக்கள் கலையின் காவலன் ஆகமாட்டான். தான் நேசிப்பதைப் பிறரோடு கைம்மாறின்றிப் பகிரும் நேயன் வேறு. அதனை விலைக்கு விற்கும் வியாபாரி வேறு. இவ்வேறுபாட்டைக் கலைஞர் சிலரே உணர்ந்திருந்தனர். ‘கிரேட்புல் டெட்’ குழுவினர் பணமின்றிப் பரிமாறும் வழக்கத்தை அனுமதித்தனர். 1984இல் தம் கச்சேரிகளில் ஒலிப்பதிவு செய்வோருக்கெனத் தனியிடமும் ஒதுக்கினர்.

ஸ்பிரிங்ஸ்டீனின் கதை மேலும் சுவையானது. 1978 ஜூலை 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்சிலிருந்து நேரடியாக ஒலிபரப்பான கச்சேரியில், கள்ளப்பதிவாளர் கருவிகளை ஓடவிடட்டும் என்று அவரே மேடையிலிருந்து வேடிக்கையாகக் கூறினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி கிளீவ்லண்டிலிருந்து பல நிலையங்களுக்கு அஞ்சலான கச்சேரியை நேயர்கள் வீடுதோறும் பதிந்து கைமாற்றிவந்தனர். அது அவரது சொந்த ஆவண வெளியீடாக வந்தது 2014 டிசம்பரிலேதான். இடைப்பட்ட 36 ஆண்டுகள் அக்கச்சேரி உயிர்வாழ்ந்தது நேயர் கையிலேயாம். ஜமெய்க்கா தந்த பொப் மார்லியும் அவரது குழுவினரும் 1973 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் சோசலிட்டோ ஒலிப்பதிவுக் கூடத்தில் கே.எஸ்.ஏ.என். நிலையத்துக்காக இசைத்தவற்றுட் பல 1991இல் வெளியாகின. மார்லி மறைந்து அப்போது ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்திருந்தது.

இனி, முதன்மை நாடாக்களுக்கு நேர்ந்ததைக் காண்போம். 1982இல் டி.ஐ.ஆர். நிறுவனத்தின் நாடாக்கள் இருந்த கட்டடத்தில் மூண்ட தீயில் அவற்றுட் பல அழிந்தன. 1993உடன் புதிய நிகழ்ச்சிகளும் நின்றன. எஞ்சிய களஞ்சியத்தை 2006இல் ‘வொல்ப்காங்ஸ் வோல்ட்’ என்னும் வர்த்தக நிறுவனம் வாங்கிற்று. அவ்வாண்டிலேயே, அந்நிறுவனம் தம் இசையை உரிமையின்றிப் பயன்படுத்துகிறதெனக் குற்றஞ்சாட்டிப் புகழ்பெற்ற இசைக்குழுவினர் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். 2015இல் பாடல் பதிப்புரிமையாளரும் நீதிமன்றம் சென்றனர். ஒருகாலத்திற் குப்பையென எறியச் சொன்ன பொருள் வழக்குமன்றங்களிற் பெருஞ்சொத்தாக எழுந்து நின்றது. இலாபம் தராதென்று கருதும்வரை அழிக்கச் சொல்வதும், இலாபம் தருமென்று கண்டதும் வேலியடைப்பதும் தனியுடைமையின் இயல்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நீண்ட காலத்திற் பொருளைக் காத்தவருக்குப் பங்குமில்லை, பெயருமில்லை.

சேகரிப்பாளர் அனைவரும் தியாகிகள் என்று நாம் கூறவரவில்லை. அரிய தட்டைப் பெட்டகத்துட் பூட்டி, பிறர் கேளாமையே அதன் பெருமை எனக் கருதுவோரும் அவர்களிடையே உளர். சுவடியைப் பட்டில் சுற்றிப் பூசை செய்து, படிக்கக் கேட்டவரைத் திருப்பி அனுப்பிய பழைய ஏட்டுக்காரருக்கும் இவர்களுக்கும் பேதமில்லை. அவர் இறந்தபின் பெட்டிகள் ஏலத்துக்கோ குப்பைக்கோ போகின்றன. தனிமனிதரின் ஆர்வம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது ஓர் ஆயுட்காலத்தைத் தாண்டுவதில்லை.

ஆகவே, இவ்வரலாறு நம்முன் வைக்கும் கோரிக்கை தெளிவானது. ஒலிபரப்பான ஒவ்வொன்றின் ஒரு பிரதியும், அச்சாகும் நூல்களைப் போன்று, பொதுமக்களுக்குச் சொந்தமான நூலகத்தைச் சென்றடைய வேண்டும். ஒலிப்பதிவுகளைக் காப்பதற்கென அமெரிக்கப் பாராளுமன்றம் 2000ஆம் ஆண்டிற் சட்டமியற்றியது. பினாக்கா கீத்மாலா ஒலித்த நம் நாட்டிலும் அதனையொத்த பொறுப்பு உணரப்படவேண்டும். உழைத்த கலைஞருக்கு ஊதியமும், பதிந்த ஊழியருக்கு மதிப்பும், கேட்க விரும்பும் மாணவனுக்கு உரிமையும் ஒருங்கே கிடைக்கும் வகையில் அந்நூலகங்கள் அமையவேண்டும். அத்தகைய ஏற்பாடு வரும்வரை, அழிக்கச் சொன்னதை அழியாது வைத்த அந்த ஊழியரும் நேயருமே மக்களின் ஆவணக் காப்பாளர். அவர்கள் இன்று முதியவராகி வருகின்றனர். நாடாக்களும் மக்கி வருகின்றன. அவர்களிடம் சென்று கேட்பதற்கு எஞ்சியுள்ள காலம் நீண்டதன்று.