பேசாத் திரையின் நாயகர்

புதுக்கோட்டை என்றதும் நம் மறைமாவட்டத்தார்க்குத் தூத்துக்குடியை அடுத்துள்ள ஊரே நினைவுக்கு வரும். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட மற்றொரு புதுக்கோட்டையும் உண்டு. அம்மண்ணில் பிறந்து, இன்று ஒரு விருதின் பெயராக மட்டுமே அறியப்படும் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் பி. கே. ராஜா சாண்டோ.

'சாண்டோ' என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. உலகப் புகழ்பெற்ற பலவானாகிய யூஜின் சாண்டோவின் பெயர், அந்நாளில் நம் பயில்வான்களுக்குப் பட்டமாயிற்று. உடல்வலிமையையே முதலாகக் கொண்டு பம்பாய் சென்ற இவர், எஸ். என். படாங்கரின் படக் கம்பெனியில் நடிகரானார். அது மௌனப் படங்களின் காலம். திரையில் உடலே மொழியாயிருந்ததால், தமிழர் ஒருவர் வடநாட்டார் கொண்டாடும் நாயகராக உயர முடிந்தது. சந்துலால் ஷாவின் 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926), 'குணசுந்தரி' (1927) ஆகியவற்றில் நடித்தார். 1928-இல் 'ஸ்நேஹ ஜோதி' வழியாக இயக்குநருமானார்.

பின்னர்ச் சென்னைக்கு வந்து, ஆர். பத்மநாபனின் நிறுவனத்திற்காகப் 'பேயும் பெண்ணும்', 'அனாதைப் பெண்' முதலிய மௌனப் படங்களை இயக்கினார். புராணக் கதைகளே மிகுந்திருந்த திரையில் குடும்பத்தின் கண்ணீருக்கும் இடமுண்டு என்று காட்டினார். அப்படங்களின் சுருள்கள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

1931-இல் 'காளிதாஸ்' வந்தது. தமிழ்த் திரை வாய் திறந்தது. சாண்டோ தளரவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை டி.கே.எஸ். சகோதரர்களைக் கொண்டு 1935-இல் படமாக்கினார். அடுத்த ஆண்டு வெளியான 'சந்திரகாந்தா', மடத்தில் மறைந்திருந்த போலித் துறவைத் தோலுரித்தது. துறவுடை தரித்த எம்போன்றோரும் தம்மை ஆய்ந்து பார்க்க வேண்டிய கதை அது!

ஆயினும் காலம் மாறிவிட்டது. மக்கள் இப்போது தேடி வந்தது கட்டுடலையன்று, குரலை. 1939-இல் அவர் இயக்கிய 'திருநீலகண்டர்' பெருவெற்றி பெற்றபோது, மக்கள் நாவில் நின்றது தியாகராஜ பாகவதரின் பாட்டே. அதே பாகவதர் நடித்த 'சிவகவி'யைச் சாண்டோ தொடங்கினார். கருத்து வேற்றுமையால் விலக நேர்ந்தது. தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவே அதை முடித்து 1943-இல் வெளியிட்டார். ஐம்பதை ஒட்டிய வயதில், கோயம்புத்தூரில், மாரடைப்பால் சாண்டோவின் வாழ்வு முடிந்தது.

இவரது வீழ்ச்சியைப் பாவத்தின் சம்பளமென்று கூற நமக்கு உரிமையில்லை. அவர் சோம்பியிருக்கவில்லை, தமக்களிக்கப்பட்ட தாலந்தை மண்ணில் புதைக்கவுமில்லை. நம் கடற்கரையில் மூச்சடக்கி மூழ்கியவர் ஒருவர், முத்தணிந்து மின்னியவர் வேறொருவர். எடுத்தவரின் பெயரை அணிந்தவர் கேட்டதில்லை. சாண்டோ திறந்த வழியில் வந்தவர்களும் அப்படியே அவரை மறந்தார்கள்.

தமிழக அரசு அவர் பெயரால் திரைக்கலைஞருக்கு விருது வழங்கியிருப்பது நன்றே. எனினும் உழைத்தவர் உயிரோடிருக்கையில் நாம் காட்டத் தவறிய நன்றியை எந்த விருதும் ஈடுசெய்யாது. நவம்பர் மாதத்தில் இறந்தோரின் பெயர்ப்பட்டியலைப் பீடத்தருகே வைத்து மன்றாடுகிறோமே, அவ்வேளையில் எவருடைய பட்டியலிலும் இடம்பெறாத இத்தகையோரையும் நினைப்போமாக. திரும்பி வருகையில், நம் பங்கிலே ஓசையின்றி உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டுவோமாக.