அரிஸ்டார்க்கஸ் – கோபர்நிகஸுக்கு 1800 வருஷம் சீனியர்

பூமிதான் சூரியனைச் சுத்துதுன்னு முதல்ல சொன்னது யாருன்னு கேட்டா, பாதிப் பேர் கோபர்நிகஸ்னு சொல்வாங்க, மீதிப் பேர் கலிலியோம்பாங்க. கோபர்நிகஸ் புத்தகம் வந்தது 1543-இல். அதுக்குச் சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு கிரேக்கர் இதைச் சொல்லிட்டுப் போயிருக்கார். சாமோஸ் தீவில் கி.மு. 310 வாக்கில் பிறந்த அரிஸ்டார்க்கஸ். எனக்கு இந்த மனுஷன் மேல தனிப் பிரியம் உண்டு.

அவர் எழுதினதில் நமக்குக் கிடைச்சிருப்பது ஒரே ஒரு நூல்தான். சூரியன், நிலா இதோட அளவையும் தூரத்தையும் கணக்குப் போடுற நூல். வழி ரொம்ப எளிமையானது. சரியா அரை நிலாவா தெரியும்போது பூமி, நிலா, சூரியன் மூணும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் ஆகும். செங்கோணம் நிலாகிட்ட இருக்கும். நாம நிக்கிற இடத்துக் கோணம் தெரிஞ்சா போதும், மிச்சம் வெறும் ஜியோமிதி!

அந்தக் கோணத்தை 87 டிகிரின்னு வெச்சுக்கிட்டார். அதனால, நிலாவை விட சூரியன் 18-லிருந்து 20 மடங்கு தூரத்தில் இருக்குன்னு விடை வந்தது. நிஜக் கோணம் கிட்டத்தட்ட 89.85 டிகிரி, தூரம் சுமார் 390 மடங்கு. மூணு டிகிரிக்கும் குறைவான பிசகு, விடையை எங்கேயோ கொண்டு போயிடுச்சு பாருங்க. ஆனாலும் சூரியனோட விட்டம் பூமியைப் போல ஆறேழு மடங்காவது இருக்கும்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு (நிஜத்தில் 109 மடங்கு). அவ்ளோ பெருசு போய் இந்தச் சின்ன உருண்டையைச் சுத்துமா? இந்தக் கேள்விதான் அவரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கும்னு என் ஊகம்.

பூமி சுத்துதுன்னு அவர் எழுதினது தொலைஞ்சு போச்சு. பிரபஞ்சத்தை நிரப்ப எத்தனை மணல் வேணும்னு கணக்குப் போட்ட ஆர்க்கிமிடீஸ், அந்த நூலில் இவர் கருத்தைக் குறிப்பிட்டதால்தான் நமக்கே தெரியும்.

சரி, ஏன் எடுபடலை? தெய்வ நிந்தனைன்னு இவர் மேல வழக்குப் போடணும்னு கிளியாந்தஸ் என்ற தத்துவவாதி சொன்னதா புளூட்டார்க் எழுதியிருக்கார். ஆனா மதத்து மேலயே மொத்தப் பழியையும் போட எனக்கு மனசு வரலை. எதிர்த்தரப்பு கையில் ஒரு நல்ல கேள்வியும் இருந்தது.

கட்டை விரலை முகத்துக்கு நேரா நீட்டி, ஒவ்வொரு கண்ணா மூடி மூடிப் பாருங்க. விரல் இடம் மாறுற மாதிரி தெரியும். பூமி நிஜமாவே சுத்தினா, ஆறு மாசத்துக்கு ஒருதரம் நட்சத்திரங்களும் அப்படித்தானே நகரணும்? யார் பார்த்தும் ஒண்ணுகூட அசையலை.

அதுக்கு அரிஸ்டார்க்கஸ் தரப்பு பதில்: நட்சத்திரங்கள் இருக்கிற தூரத்துக்கு முன்னால், பூமி சுத்துற வட்டமே ஒரு புள்ளி மாதிரி. இன்னைக்குத் தெரியும், அது சரியான பதில். அன்னைக்குக் கேட்டவனுக்கு அது சமாளிப்பு மாதிரிதானே இருந்திருக்கும்?

கடைசியில் 1838-இல்தான் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர், 61 சிக்னி என்ற நட்சத்திரத்தில் அந்த நகர்வை அளந்து காட்டினார். ஒரு டிகிரியைப் பத்தாயிரமா வெட்டினா அதில் ஒரு துண்டு, அவ்வளவுதான். வெறும் கண்ணால் சத்தியமா முடியாது.

ஆக, கேட்டவங்க கேள்வியும் நியாயம், இவர் பதிலும் நிஜம். நடுவில் இல்லாம போனது நல்ல கருவி ஒண்ணுதான். அந்தக் காலத்தில் நீங்க இருந்திருந்தா யார் பக்கம் நின்னிருப்பீங்க? நான் கிளியாந்தஸ் பக்கம் போயிருக்க மாட்டேன். ஆனா அந்த விரல் கேள்வியைக் கேட்டவங்க பக்கம் நின்னிருப்பேன்னுதான் தோணுது :-)