மலிவு மின்சாரத்திலிருந்து காற்றாலைக்கு: தமிழ்நாட்டு மின்கட்டணச் சட்டங்களின் எதிர்பாரா விளைவு

மலிவு மின்சாரமும் தூய மின்சாரமும் ஒன்றுக்கொன்று முரணான இலக்குகள் என்னும் கருத்து பரவலானது. தமிழ்நாட்டின் சட்டங்களைக் காலவரிசையில் நோக்கும்போது இம்முரண் அத்தனை நேரானதாக இல்லை.

1957 ஜூலை 1இல் மின்வாரியம் அமைந்தது. மின்கட்டண வீதங்களைத் திருத்தியமைக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டம், கட்டண நிர்ணயத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இதன் சுமையில் ஒரு பகுதியை அரசுக் கருவூலமும், மற்றொரு பகுதியைக் குறுக்கு மானியத்தின் வழியே உயரழுத்த நுகர்வோரும் ஏற்றனர்.

அவ்வுயரழுத்த நுகர்வோருள் கொங்குப் பகுதி நூற்பாலைகள் குறிப்பிடத்தக்கவை. தொழிற்கட்டணம் உயர உயர, சொந்தக் காற்றாலை அவற்றுக்கு ஆதாயமாயிற்று. நடுவணரசின் விரைவுத் தேய்மான வரிச்சலுகையும் துணைநின்றது. முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பகுதிகளிலும் காற்றாலைகள் பெருகியதற்குச் சூழலியல் அக்கறையைவிடக் கட்டணப் பட்டியலே வலுவான காரணம் எனலாம். காற்று வலுவாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரைதான்; ஆலைகளோ ஆண்டு முழுதும் இயங்குபவை. இவ்விடைவெளியை நிரப்பியது, உபரி மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வைத்துப் பின்னர் பெறும் ‘பேங்கிங்’ வசதி. ஆயின் மானியச் சுமையைத் தாங்கிய நுகர்வோரே வாரியத்திடம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டதால், சுமை எஞ்சியோர்மீது இறங்கியது. மலிவுக் கொள்கை தூய மின்சாரத்தை ஈன்றது. அத்தூய மின்சாரம் மலிவுக் கொள்கையின் நிதியடிப்படையை அரித்தது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, மானியம் வழங்க விரும்பும் மாநில அரசு அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிக்கும் 86(1)(உ) பிரிவோ கொள்முதல் விழுக்காட்டை வரையறுக்கும் பொறுப்பை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தருகிறது. கூடுதல் செலவை யார் ஏற்பது என்று சொல்லவில்லை. இம்மௌனம் 2012ஆம் ஆண்டுச் சூரிய ஆற்றல் கொள்கையில் வெளிப்பட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என இலக்கு வைத்த அக்கொள்கை, வீடுகளையும் உழவரையும் விசைத்தறியாளரையும் விடுவித்து, உயரழுத்த நுகர்வோர்மீதும் தாழ்வழுத்த வணிக நுகர்வோர்மீதும் 6 விழுக்காடு வரையிலான சூரிய மின்கொள்முதல் கடப்பாட்டைச் சுமத்தியது. குறுக்கு மானியம் சென்ற தடத்திலேயே தூய மின்சாரத்தின் செலவும் செல்லவிருந்தது. நுகர்வோர் சங்கத்தின் மேல்முறையீட்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014இல் அவ்வாணையை நீக்கியது.

பேங்கிங்கும் நீடிக்கவில்லை. காற்றில்லாக் காலத்தில் வெளிச்சந்தையில் வாங்கித் திருப்பித்தர நேர்வதாக வாரியம் தொடர்ந்து முறையிட்டது. 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு அவ்வசதியை ஆணையம் மறுத்தது.