விண்மீனிடைத் தூசி

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் வாயுவுடன் கலந்து கிடக்கும் நுண்ணிய திண்மத் துகள்கள் விண்மீனிடைத் தூசி எனப்படும். இத்துகள்களிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினவாய், சிகரெட் புகையின் துகள்களை ஒத்தவை. விண்மீனிடைப் பொருளின் மொத்தத் திணிவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே தூசியாயினும், தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை மறைப்பதும், பூமி போன்ற பாறைக் கோள்களுக்கு மூலப்பொருளாவதும் அதுவே. இத்தூசி எதனாலானது என்ற ஆராய்ச்சியில் கொழும்பிற் பிறந்த சந்திரா விக்ரமசிங்கவுக்கு முக்கியமான இடமுண்டு. அவர் பிற்காலத்தில் முன்வைத்த கருத்துகள் எழுப்பிய சர்ச்சையே அந்த இடத்தைப் பலர் அறியாமற் போனதற்குக் காரணம்.

தூசி செறிந்த முகில்கள் பால்வீதியிற் கருந்திட்டுகளாகத் தெரிகின்றன. தென்சிலுவையை ஒட்டி, ஏறத்தாழ 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ‘கரிச்சாக்கு’ அவற்றுட் பெயர்பெற்றது. இலங்கையின் அகலாங்கில் இது சித்திரை, வைகாசி மாத முன்னிரவுகளில் தென்வானில் தாழ்வாகத் தோன்றுமாயினும், மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து தெற்கே நோக்குபவருக்குக் கொழும்பு நகரின் வெளிச்சம் முழுவதும் குறுக்கே நிற்பதால், களனி ஆற்றின் கழிமுகத்தில் நின்று பார்த்தாலும் சிலுவையின் பிரகாசமான விண்மீன்களுக்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை. இத்தகைய திட்டுகள் விண்மீன்களற்ற வெற்றிடங்கள் அல்ல, இடையே ஒளியை விழுங்கும் பொருள் பால்வீதியெங்கும் பரவியுள்ளது என்பதை ரொபேட் டிரம்ப்ளர் 1930இல் விண்மீன் கொத்துகளை ஆராய்ந்து நிறுவினார். அப்பொருள் நீல ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் தடுப்பதால், அதனூடாக வரும் விண்மீன் ஒளி செம்மையேறித் தோன்றுகிறது.

துகள்கள் பெரும்பாலும் நீர்ப்பனியாலானவை என்பதே 1950களில் மேலோங்கியிருந்த கருத்து. கொழும்பு றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் பயின்று கேம்பிரிட்ஜ் சென்ற விக்ரமசிங்க, தம் ஆசிரியர் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து 1962இல் வெளியிட்ட கட்டுரையில் அதை மறுத்து, துகள்கள் காரீயத்தாலானவை என்று வாதிட்டார். (காரீயம் படிகநிலைக் காபன், பென்சிற் கூரிலுள்ள அதே பொருள். போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுத்து உலகச் சந்தைக்கு அனுப்பும் நாட்டிலிருந்து சென்றவர் அதையே விண்வெளியிலும் தேடினார் என்பது தற்செயலே.) வாதத்தின் அடிப்படை எளிமையானது. குளிர்ந்த விண்மீன் ஒன்றின் வெளிப்படலத்தில் காபனும் ஒட்சிசனும் இணைந்து காபன் ஓரொட்சைட்டாக மாறும். ஒட்சிசனைவிடக் காபன் மிகுந்திருந்தால் எஞ்சிய காபன் திண்மத் துகள்களாக உறையும். விண்மீனின் ஒளியே அத்துகள்களை வெளியே தள்ளிவிடும். ஒட்சிசன் மிகுந்த விண்மீன்களில் மாறாக, சிலிக்கேற்று எனப்படும் பாறைத்துகள்கள் உருவாகும்.

மூன்றாண்டுகளின் பின், வளிமண்டலத்துக்கு மேலே ரொக்கெட்டில் அனுப்பப்பட்ட கருவியைக் கொண்டு தியடோர் ஸ்டெக்கர், விண்மீன்களின் புறஊதா ஒளி 217.5 நானோமீற்றர் அலைநீளத்தையொட்டி மிக வலுவாக உறிஞ்சப்படுவதைக் கண்டார். காரீயத்திடம் எதிர்பார்க்கத்தக்க பண்பு அது. எனினும் தூய காரீயம் மட்டும் எல்லா அவதானங்களுக்கும் விளக்கமாகவில்லை. சிலிக்கேற்றின் அகச்சிவப்பு அடையாளங்களும் வெளிப்பட்டதனால், 1977 முதல் இரண்டும் கலந்த மாதிரிகளே வழக்கிலுள்ளன; காபன் பகுதியிலும், பல வளையங்கள் இணைந்த அரோமற்றிக் ஐதரோகாபன் மூலக்கூறுகளுக்கு இன்று பெரும்பங்கு வழங்கப்படுகிறது. காபன் இன்றித் தூசியை விளக்க முடியாது என்ற மையக்கருத்து இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும் நிலைத்திருக்கிறது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இவ்வாராய்ச்சிக்குப் புதிய கேள்வியொன்றைத் தந்துள்ளது. பெருவெடிப்பு நிகழ்ந்து நூறு கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் அதே புறஊதா உறிஞ்சலின் தடம் காணப்பட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. காபன் தூசியின் முதன்மையான ஊற்றாகக் கருதப்பட்ட முதிர்ந்த விண்மீன்கள் அந்நிலையை அடைவதற்கே நெடுங்காலம் பிடிக்கும். அத்தனை விரைவாகத் தூசி எவ்வாறு தோன்றியது? சுப்பர்நோவா வெடிப்புகளும், குறுகிய ஆயுளுடைய வுல்ஃப்-ரயே விண்மீன்களுமே விடையாகக் கூடும். அவ்வகை விண்மீன் ஒன்றைக் கொண்ட டபிள்யூஆர் 140 என்ற இரட்டையைச் சூழ, ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினேழு தூசி ஓடுகளை அதே தொலைநோக்கி 2022இல் படமெடுத்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு விண்மீன்களும் நெருங்கும்போது அவற்றின் காற்றுகள் மோதி அழுந்துவதால் காபன் தூசி உறைந்து, ஓர் ஓடாக வெளியேறுகிறது. அவ்வோடுகளை மரத்தின் ஆண்டு வளையங்கள்போல எண்ணிக் காலத்தைக் கணக்கிடலாம்.

வெளியேறிய தூசி முகில்களில் திரண்டு, புதிய விண்மீன்களைச் சுற்றித் தட்டுகளாக அமைகிறது. எச்எல் டோரி என்ற இளம் விண்மீனின் தட்டில், சிலியின் அட்டகாமாப் பாலைவனத்திலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கிகள் 2014இல் பதிவுசெய்த ஒளிரும் வளையங்களும் இருண்ட இடைவெளிகளும், கோள்கள் உருவாகத் தொடங்கியதன் அறிகுறிகள் என்றே பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர்.

தூசியில் சேதனச் சேர்வைகளும் உண்டு என்று விக்ரமசிங்க 1974இல் எழுதினார். இக்கருத்தும் பரவலாக ஏற்கப்பட்டதே. ஆனால், அவரும் ஹொயிலும் அதற்கு அப்பாற் சென்று, துகள்களிற் பல உறைந்த பற்றீரியாக்கள் என்றும், பூமியில் உயிர் தோன்றியதும் தொற்றுநோய்கள் சில பரவியதும் வால்வெள்ளிகளாலேயே என்றும் வாதிட்டதை விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை. பொலன்னறுவைப் பகுதியில் 2012 டிசம்பரில் விழுந்ததாகக் கூறப்பட்ட கல்லில் டயற்றம் எனும் நுண்பாசியின் எச்சங்கள் இருப்பதாக அவரது குழு வெளியிட்ட முடிவும் அவ்வாறே நிராகரிக்கப்பட்டது. அது விண்கல்தானா என்பதே ஐயத்திற்குரியதாயிருக்க, காட்டப்பட்ட டயற்றங்களோ பூமியின் நன்னீரில் வாழும் இனங்களாயிருந்தன. இந்த முடிவுகளைக் காட்டி 1962ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தள்ளிவிடுவதும், அக்கட்டுரையைக் காட்டி இம்முடிவுகளை ஏற்கச் சொல்வதும் ஒருபோலப் பிழையானவை. இலங்கைப் பத்திரிகைகளில் இரண்டாவது பிழையே அதிகம்.

சேதனப் பொருளிலிருந்து உயிருக்குத் தாவாமல் ஆராய்ந்த முறைக்கு மற்றோர் இலங்கையரே சான்று. காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது, 1969இல் ஆஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழு மறுஆண்டில் அறிவித்தது. (கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் முதற் பணிப்பாளர் விக்ரமசிங்க, அடுத்துப் பொறுப்பேற்றவர் பொன்னம்பெரும.) அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களில் அமையக்கூடியவை, பூமியின் உயிரினங்கள் தம் புரதங்களில் பயன்படுத்துவது இடக்கை வடிவத்தையே. மேர்ச்சிசனில் இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தமையால், அவை பூமியிலிருந்து ஒட்டியவையோ உயிரினம் ஆக்கியவையோ அல்ல, வெறும் வேதித்தாக்கங்களின் விளைவு என்று குழு முடிவுசெய்தது. ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டெம்பரில் கொண்டுவந்த 121.6 கிராம் மண்ணிலும் இதே சோதனை நடத்தப்பட்டது. புரதங்களில் உள்ள இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கு அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் வெளியான ஆய்வு தெரிவித்தது. அங்கும் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சமம்.