720 பேரும் ஆண்கள்

1867 அக்டோபரில், ரோமைப் போப்பின் ஆட்சியிலிருந்து மீட்கப் புறப்பட்ட இத்தாலியத் தொண்டர்களில் எதுவார்தோ பாசினியும் ஒருவர். சண்டையில் அவர் கவட்டில் துப்பாக்கிமுனைக் கத்தி பாய்ந்தது. பிழைத்து அறுவை மருத்துவரான அவர், 1884இல் பதுவா நகரில் கவட்டுக் குடலிறக்கத்துக்குத் தன் புதிய முறையைத் தொடங்கினார். 1890இல் ஜெர்மன் மொழியில் 262 அறுவைகளின் கணக்கை வெளியிட்டார். வீடு திரும்பியவர்களையும் விடாமல் தேடிப் பார்த்தவர் அவர். இறக்கம் மறுபடி வந்ததா என்பதே கேள்வி. அதற்குப் பின் நூறாண்டுக்கும் மேலாகக் குணமாதல் என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் பொருள்.

பெண்ணுடலில் இந்தக் கேள்வி தடுக்கி விழுகிறது. கவட்டில் குடல் இறங்கும் வழிகள் இரண்டு. மேல்வழியில் ஆணுக்கு விந்துநாண் செல்கிறது, பெண்ணுக்குக் கருப்பையைத் தாங்கும் தசைநார். கீழ்வழி தொடை ரத்தக்குழாயை ஒட்டிய சிறு இடுக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்தக் கீழ்வழி இறக்கம் அதிகம். குடல் சிக்கி இறுகி அவசர அறுவைக்குக் கொண்டுபோய்விடுவதும் அதுதான். பாசினியின் தையலும் சரி, 1980களில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லிக்டன்ஸ்டைன் பரப்பிய வலைமுறையும் சரி, மேல்வழியைத்தான் அடைத்தன.

சுவீடன் 1992 முதல் குடலிறக்க அறுவைகளுக்கென ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. அதைக் கொண்டு 2005இல் வெளிவந்த ஆய்வை வாசிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடி அறுவைக்கு வந்த பெண்களில் நூற்றுக்கு 41 பேருக்கு மேல் கண்டறியப்பட்டது தொடை இறக்கம். ஆண்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. ‘திரும்ப வந்தது’ என்று எழுதப்பட்டவற்றில் எத்தனை முதல் அறுவையின்போதே அங்கே இருந்தனவோ!

அடுத்த ஆண்டு, தொந்தரவு தராத இறக்கத்தை அறுக்காமல் காத்திருக்கலாமா என்று கேட்ட அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. காத்திருக்கலாம் என்றது முடிவு. அதில் சேர்க்கப்பட்ட 720 பேரும் ஆண்கள். கவட்டு அறுவைக்கு வருவோரில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படலாம். குறைவாக இருப்பதாலேயே தனியாகக் கவனித்திருக்க வேண்டும் என்பேன். 2018இன் பன்னாட்டு வழிகாட்டுதல்கள்தான் இதைத் தெளிவாகப் பிரித்தன: பெண்கள் காத்திருக்க வேண்டாம், இரண்டு வழிகளையும் உள்ளிருந்தே மூடும் லேப்ராஸ்கோப்பி முறை ஏற்றது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் பொறுமை. கவட்டில் அவர்களுக்குத் தோன்றும் வீக்கம் புடைத்த ரத்தநாளங்களாகவும் இருக்கலாம்.

வலியின் கதை இன்னும் முடியவில்லை. மூன்று மாதம் கடந்தும் நீடிக்கும் வலிக்கான ஆபத்துக் காரணிகளில் பெண்ணாக இருப்பதும் ஒன்று. விந்துநாணைக் காப்பாற்றக் காட்டும் கவனம் பெண்ணின் தசைநாருக்குக் கிடைப்பதில்லை; அது எளிதாக வெட்டப்படுகிறது, அதை ஒட்டி ஓடும் நரம்பும் சிலசமயம் சேர்ந்து போகிறது. மீட்சியை ஆய்வுகள் வழக்கமாக அளப்பதோ ‘வேலைக்குத் திரும்பிய நாள்’ கொண்டு. உடல் இடம்கொடுத்ததும் இயல்பு வேலைகளைத் தொடங்கலாம் என்பது அதே வழிகாட்டுதல்களின் பரிந்துரை. நல்ல பரிந்துரைதான். விடுப்புச் சீட்டு எழுதித் தர யாருமில்லாத வீட்டில், உடல் இடம்கொடுக்கும் முன்பே குடம் இடுப்பில் ஏறிவிடுகிறது. அந்த நாளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.