அழகும் கைக்கு அடக்கமும்

மாடம்பாக்கத்தில் நம் பங்கு இல்லத்தின் பழைய அலமாரியைச் சென்ற மாதம் துப்புரவு செய்தபோது, தோலுறைக்குள் கருநிறக் கேமரா ஒன்று அகப்பட்டது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த ‘அக்பா கிளிக் 3’ அது. உடனிருந்த இளைஞர்கள் அதைக் கையிலேந்தி, “என்ன அழகு, சாமி! கண்ணாடிப் பேழைக்குள் வைக்கலாமே” என்றனர். நமக்கோ வியப்பு. நம் சிறு வயதில் இக்கருவியை அழகென்று சொன்னவர் யாருமில்லை. தந்தையார் அதை இரவல் வாங்கி வருவார். வெயிலில் எங்களை வரிசையாக நிறுத்துவார். ஒரு விசையை அழுத்துவார். அவ்வளவுதான்.

இக்கருவிக்கு மூத்த உறவு என்று சொல்லத்தக்கது, ஜெர்மனியில் 1954இல் வெளிவந்த ‘கிளாக்’. அதன் முதுகு வளைந்திருப்பது அலங்காரத்திற்காக அன்று. எளிய, மலிவான லென்சு, தட்டையான பிலிமின் ஓரங்களில் தெளிவை இழந்துவிடும். ஆகவே பிலிமையே வளைத்து ஓடவிட்டனர். பிலிமின் வளைவுக்கேற்ப உடலும் வளைந்தது. நம்மூர்த் தேனுபுரீசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானத்தை நாள்தோறும் கடந்து செல்பவர்களுக்கு அந்த முதுகு புதிதாகத் தோன்றாது. ஒளியை அளக்க வகையறியாதவர்க்கென வெயிலுக்கு ஒரு குறி, மேகத்திற்கு ஒரு குறி. எழுத்தறியாதவரும் கையாளலாம்.

தேவை ஈன்ற அழகுக்கு இதனினும் மூத்த சான்று ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்துத் தொழிலகங்கள் இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கெனத் தனிக் கேமராக்களைச் செய்தன. நம் மழைக்கால ஈரத்தில் பசை இளகும், மரம் புடைக்கும், மேலே ஒட்டிய தோலைப் பூச்சி அரிக்கும். எனவே தோல் போர்த்தாத தேக்கு மரத்தில் பெட்டி செய்து, மூட்டுகளைப் பசையை மட்டும் நம்பி விடாமல் பித்தளைத் தகட்டாலும் திருகாலும் இறுக்கினர். மெருகேறிய தேக்கும் மின்னும் பித்தளையுமாக அக்கருவி இன்று சேகரிப்பாளரின் கண்ணைப் பறிக்கிறது. செய்தவன் அஞ்சியதோ நம் ஊர்க் கறையானுக்கும் ஈரத்திற்கும்!

மறுபக்கமும் உண்டு. 1928இல் அமெரிக்கக் கோடாக் நிறுவனம் பெண்களை ஈர்க்க எண்ணி ‘வேனிட்டி கோடாக்’ என்பதை ஐந்து வண்ணங்களில் வெளியிட்டது. வண்ணங்களுக்குப் பறவைகளின் பெயர்கள். உள்ளே இருந்தது பழைய சட்டைப்பைக் கேமராவே. ஒளிபுகாது காக்க வேண்டிய துருத்தியையும் உடலின் வண்ணத்திலேயே அமைத்தனர். அந்த வண்ணத் துருத்திகள் நலிந்தவை; பலவற்றைப் பின்னர் கழற்றி, வழக்கமான கறுப்புத் துருத்தியை மாட்ட நேர்ந்தது. 1930இல் வால்டர் டார்வின் டீக் என்ற வடிவமைப்பாளர் எளிய பெட்டிக் கேமராவின் முகப்பில் இரு வண்ணக் கோலமிட்டு ‘பியூ பிரவுனி’ ஆக்கினார். பார்க்க இனிமைதான்; அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அக்கோலம், படம் எடுப்பவருக்கன்று, எதிரில் நிற்பவருக்கே தெரியும்.

கை தன் உரிமையைக் கேட்டுப் பெற்றது 1986இல் எனலாம். லூயிஜி கொலானி என்ற ஜெர்மானியக் கலைஞரின் துணையுடன் கேனன் உருவாக்கிய ‘டி90’, மூலைகள் கரைந்து, விரல்கள் தாமாகச் சென்று அமரும் வளைவுகளோடு வந்தது. பின்வந்த கேமராக்கள் பலவற்றின் உருவில் அதன் சாயலைக் காணலாம். ஆயினும் 2013இல் நைக்கான் ‘டிஎப்’ பழமையின் தோற்றத்திற்குத் திரும்பியபோது, இடப்புறச் சக்கரம் ஒன்றைத் திருப்பப் பூட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அதற்காக லென்சைத் தாங்கும் இடக்கையை எடுக்கவும் வேண்டியிருந்தது.

இவ்வளவையும் நாம் ஏன் ஆராய்ந்தோம் என்று வாசகர் கேட்கலாம். தொண்ணூறுகளில் நம் குருமட நண்பர் ஒருவரின் குருத்துவத் திருநிலைப்பாட்டு நாளில், படமெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த கேமரா. சோப்புக் கட்டிபோல் வழவழப்பு, மெலிவு, வெள்ளி நிறம். பெற்றுக்கொண்டபோது நமக்கும் சற்றுப் பெருமிதந்தான். முகப்பில் விரலுக்கென ஒரு பள்ளமோ மேடோ இல்லை. லென்சு ஓரத்தருகே இருந்தது. நாம் நோக்கிய சாளரமோ லென்சுக்கு வேறான தனித் துளை. அதன் வழியே, புதுக்குரு தம் தாயை ஆசீர்வதிப்பதையும், அத்தாய் அவர் கைகளை முத்தமிடக் குனிவதையும் தெளிவாகக் கண்டோம். லென்சு கண்டது நம் இடக்கை விரலை. கழுவி வந்த படத்தில் தாயின் முகமிருக்க வேண்டிய இடத்தில் செம்மை கலந்த மங்கல். அதன் விளிம்பில் மகனின் கைகள் மட்டும்.

அவ்வாண்டு முடிவதற்குள் அந்த அம்மையார் இறைவனடி சேர்ந்தார். மகனைத் திருவுடையில் கண்ட அந்நாளின் வேறு படம் அவருக்கு இல்லை. நண்பர் நம்மிடம் ஒரு சொல்லும் கடிந்துகொண்டதில்லை. அந்த மங்கலான படத்தை இன்றும் தம் செப நூலுக்குள் வைத்திருக்கிறார்.

இளைஞர்களிடம், கண்ணாடிப் பேழை வேண்டாம், பிலிம் சுருள் வாங்கி வாருங்கள் என்றோம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், பங்கின் மூத்த தாய்மார்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினோம். விசையை அழுத்துமுன் விரல் எங்கே இருக்கிறது என்று இருமுறை பார்த்துக்கொண்டோம்.